தலைமையாசிரியர் நாற்காலியில் உட்காருமுன்: குமரி மாவட்டத்துப் புதிய தலைமையாசிரியர்கள் கேட்கும் கேள்விகள்

கடலோரத்தில் ஒன்று, மலையடிவாரத்தில் ஒன்று, நாகர்கோவில் பக்கம் ஒன்று என மூன்று பள்ளிகளில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பதவி உயர்வு ஆணை கைக்கு வந்ததும் பலர் என்னைப் போனில் கூப்பிடுவார்கள். "டீச்சர், திங்கக்கிழமை ஜாயின் பண்ணுகேன். எதுல தொடங்கணும்?" என்பார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளும். நான் தவறு செய்து கற்றுக்கொண்ட இடங்கள் அவை.

முதல் மாதத்தில் என்ன செய்ய வேண்டும்?

எதையும் மாற்றாதீர்கள். டைம்டேபிள், வழிபாட்டுக் கூட்டம் நடக்கும் இடம், ஸ்டாஃப் ரூம் மேசை எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும். ஒவ்வொன்றும் அப்படி இருப்பதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும், அது உங்களுக்கு இன்னும் தெரியாது.

அந்த மாதத்துக்குள் எல்லா ஆசிரியர்களோடும் தனித்தனியாக இருபது நிமிடம் உட்காருங்கள். சத்துணவு அமைப்பாளர், அலுவலக உதவியாளர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரையும் விட்டுவிடக் கூடாது. மூன்று கேள்விகள் போதும். இங்கே எது நன்றாக நடக்கிறது? உங்கள் வேலைக்குக் குறுக்கே நிற்பது எது? என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? அவர்கள் பேசும்போது குறித்துக்கொள்ளுங்கள், இடையில் பதில் சொல்லாதீர்கள். "அது முடியாது டீச்சர்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்து வருகிறவர் வாய் திறக்க மாட்டார்.

பிறகு, அவர்கள் சொன்னவற்றில் சின்னதாக ஒன்றை இரண்டு வாரத்துக்குள் முடித்துக் காட்டுங்கள். கடலோரப் பள்ளியில் நான் சேர்ந்தபோது ஐந்து ஆசிரியைகள் தனித்தனியாக ஒரே விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். ஆசிரியைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உப்புக்காற்றில் பழைய தாழ்ப்பாள் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. ஒருவர் வெளியே காவல் நிற்க, இன்னொருவர் உள்ளே போய்வந்திருக்கிறார்கள், எட்டு மாதமாக! அறுபது ரூபாய் சாமான், கால் மணி நேர வேலை. மறுநாள் காலையில் ஸ்டாஃப் ரூமில் என்னைப் பார்த்த கண்களே வேறு. பெரிய திட்டங்களைப் பற்றி அவர்களிடம் பேசும் தைரியம் எனக்கு வந்தது அந்தத் தாழ்ப்பாளுக்குப் பிறகுதான்.

நேற்றுவரை ஒரே ஸ்டாஃப் ரூமில் இருந்தோம். இன்று நான் எச்.எம். என்னைவிட மூத்தவர்களிடம் எப்படி வேலை சொல்வது?

நேற்று "அக்கா" என்று கூப்பிட்டிருந்தால் இன்றும் "அக்கா"தான். கூப்பிடும் முறையை மாற்றினால் பதவி தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். ஆனால் வேலையைப் பொறுத்தவரை எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். பழைய தோழிக்கு மட்டும் கடைசிப் பீரியட் லீஷராக வந்தால் பள்ளி முழுக்க அதைக் கணக்குப் பார்க்கும். மூத்தவர்களிடம் ஒரு முக்கியமான பொறுப்பைக் கேட்டு ஒப்படைக்கலாம். புதியவருக்குக் கைகொடுப்பது, தேர்வுப் பணியை ஒருங்கிணைப்பது போன்றவை அவர்களுக்குப் பொருந்தும். அனுபவத்துக்கு இடம் கிடைத்துவிட்டால், பதவி கிடைக்காத வருத்தம் மெல்லக் குறையும்.

வகுப்பைப் பார்வையிடப் போனால் ஆசிரியர்கள் பதறுகிறார்கள். போகாமலே இருந்துவிடலாமா?

போகாமல் இருக்கவே கூடாது. வகுப்பறையைப் பார்க்காதவர் ஆசிரியருக்கு எப்படி உதவ முடியும்? பதற்றத்துக்குக் காரணம் நாம் போகும் விதம். குறை கண்டுபிடித்து எழுத வருகிற அதிகாரியைத்தான் அவர்கள் இத்தனை வருடமும் பார்த்திருக்கிறார்கள்.

நான் பழகிக்கொண்ட முறையைச் சொல்கிறேன். முந்தைய நாளே சொல்லிவிடுவேன். மணி அடிப்பதற்குமுன் போய்க் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்துகொள்வேன். என் கண் பிள்ளைகள்மேல்தான் இருக்கும். மூன்றை மட்டும் குறிப்பேன். கேள்வி யார் யாரிடம் போனது? கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருந்தார்? பாடம் முடிந்ததும் நோட்டில் பிள்ளை தானாக எழுதியது என்ன? கரும்பலகை எழுத்து, சேலை, குரல் எதுவும் என் தாளில் வராது.

அன்றைக்கே பத்து நிமிடம் பேச வேண்டும். மறுநாளுக்குத் தள்ளினால் இரவெல்லாம் அவர் தூங்க மாட்டார். என் அறைக்கு வரச் சொல்லாமல் நானே அந்த வகுப்புக்குப் போவேன். முதலில் அவர் பேசட்டும். நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். இரண்டு வாரம் கழித்து அந்த ஒன்றை மட்டும் பார்க்க மறுபடியும் போவேன்.

ஒரு எட்டாம் வகுப்பு இன்றும் என் கண்முன் நிற்கிறது. கணக்குக்குப் புதிதாக வந்திருந்த இளம் ஆசிரியை முழுக்களைக் கூட்டுவது பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மைனஸ் பத்தோடு பிளஸ் நாலு. அந்த நாற்பது நிமிடத்தில் அவர் கேட்டது பதினாறு கேள்விகள். என் தாளில் பெஞ்சுகளைப் படமாக வரைந்து, கேள்வி போன இடத்தில் ஒவ்வொரு கோடு போட்டேன். பதினாறு கோடும் முதல் இரண்டு பெஞ்சில் விழுந்தன. என் பக்கத்தில் இருந்த பையன் கையில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். விடியுமுன்னே அப்பாவோடு கரைமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் வலை, இழுக்கப் போனவன். விரல் நுனியெல்லாம் கயிறு அறுத்த கோடுகள்.

மாலையில் அந்தத் தாளை எதுவும் சொல்லாமல் அவரிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் பின்பக்கமே போகல்ல, இல்லியா டீச்சர்?" என்றார். அதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? அந்தப் பையனின் கையைப் பற்றி மட்டும் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது கரும்பலகையில் கடல் இருந்தது. கடல்மட்டம் பூஜ்யம், மேலே வள்ளம், கீழே மடி. ஆழத்துக்கு மீனவர்கள் சொல்லும் 'பாகம்' என்ற அளவு. "பத்து பாகத்துல கிடக்க மடிய நாலு பாகம் தூக்கியாச்சு. இப்ப எங்க நிக்கும்?" என்று கடைசி பெஞ்சைப் பார்த்துக் கேட்டார். என் பக்கத்துப் பையன் எழும்பி, "ஆறு பாகம் கீழே" என்றான். மைனஸ் ஆறு என்று கரும்பலகையில் எழுதியதும் அவனேதான். அந்த யோசனை அவருக்கே தோன்றியது, நான் சொல்லிக்கொடுத்ததில்லை. தாளில் நான் போட்டது வெறும் பதினாறு கோடுகள்.

எமிஸ் இணையப் பதிவு, பதிவேடு, புள்ளிவிவரம் என்று ஆசிரியர் நேரமெல்லாம் போய்விடுகிறதே?

தலைமையாசிரியர் வேலையில் முக்கால்வாசி இதுதான் என்று எனக்குத் தோன்றும். மேலிருந்து வரும் கேட்புகளுக்கும் வகுப்பறைக்கும் நடுவே குடையாக நிற்க வேண்டும். எல்லா மழையையும் நம்மால் தடுக்க முடியாது, ஆனால் நனைவதைக் குறைக்கலாம்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியரின் வேலை நேரத்தை வாரத்துக்குக் குறைந்தது 45 மணி என்று அட்டவணையில் சொல்கிறது. அந்த 45 மணிக்குள் பாடத்துக்குத் தயாராகும் நேரமும் அடக்கம் என்றும் அதிலேயே இருக்கிறது. ஆக, லீஷர் பீரியடில் ஒருவர் நோட்டுத் திருத்துவதும் நாளைய பாடத்தை யோசிப்பதும் சட்டப்படியே வேலை. "சும்மாதானே இருக்கீங்க, இந்த லிஸ்டைக் கொஞ்சம் போட்டுத் தாங்க" என்ற வார்த்தை நம் வாயில் வரவே கூடாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றையும் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்பது அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு.

நடைமுறையில் நான் செய்தவை இவை. அவசரமாகக் கேட்கப்படும் எந்தத் தகவலையும் பாட நேரத்தில் வகுப்புக்கு அனுப்ப மாட்டேன். பிள்ளையின் ஆதார், வங்கிக் கணக்கு, பெற்றோர் எண் ஆகியவற்றை ஜூனிலேயே ஒரே தாளில் வாங்கி அலுவலகத்தில் வைத்துவிடுவோம். அதே தகவலை நான்குமுறை வேறு வேறு வடிவில் கேட்பார்கள். நான்குமுறையும் அந்தத் தாளிலிருந்தே கொடுத்துவிடலாம். வாட்ஸப் குழுவில் மாலை ஏழு மணிக்குமேல் நான் எதையும் போடுவதில்லை. மழை விடுமுறை அறிவிப்பு மட்டும் விதிவிலக்கு. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு, அதனால் அந்த விதிவிலக்குக்கே வருடத்தில் நிறைய வேலை இருக்கும்.

பாடக்குறிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழிகாட்டி நூலைப் பார்த்து நான்கு பக்கம் எழுதிய குறிப்பைவிட, "நேற்று இவர்களுக்கு எது புரியவில்லை, இன்று அதை எப்படிச் சொல்லப்போகிறேன்" என்ற ஐந்து வரி மேல். என் கையெழுத்து அந்த ஐந்து வரிக்குக் கீழேதான் மகிழ்ச்சியோடு விழுந்தது.

ஒருவர் லீவு போட்டால் பதிலி வகுப்புக்குச் சண்டை வருகிறது. எப்படிப் பிரிப்பது?

எழுதி எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் ஒட்டுங்கள். யார் இந்த மாதம் எத்தனை பதிலி வகுப்புப் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை ஸ்டாஃப் ரூம் சுவரில் இருந்தால் பாதிச் சண்டை குறையும். அந்தப் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். மகப்பேறு விடுப்பு பெரிய இடைவெளி. தமிழ்நாட்டில் 2021 ஜூலை முதல் அது ஓர் ஆண்டு. அவருடைய பாடம் ஓர் ஆண்டு தவிக்கக் கூடாது, அவரும் குற்ற உணர்ச்சியோடு போகக் கூடாது. அவருக்கு ஆறாவது மாதம் நடக்கும்போதே உட்கார்ந்து திட்டம் போடுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகத் தற்காலிக ஏற்பாட்டுக்கும் அப்போதே முயலுங்கள். "இந்த வருஷந்தானா உனக்கு?" என்று விளையாட்டாகக்கூடக் கேட்காதீர்கள். அந்தச் சொல் ஓர் ஆசிரியையின் மனதில் பல ஆண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

தினமும் தாமதமாக வருகிறவரை என்ன செய்வது?

முதலில் காரணம் கேளுங்கள், தனியாக. நான் அப்படிச் செய்யாத ஒரு நாளைச் சொல்கிறேன்.

மலையடிவாரப் பள்ளியில் பொறுப்பேற்ற இரண்டாவது வாரம். மழைநாள். தமிழாசிரியை ஒருவர் வழிபாட்டுக் கூட்டம் பாதி நடந்தபோது நனைந்த சேலையோடு ஓடி வந்தார். அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை. முந்நூறு பிள்ளைகள் முன்னால், ஒலிபெருக்கியை அணைக்காமலே, "பிள்ளைகளுக்குச் சொல்லும் முன்னே நாம ஒழுங்கா வரணும் டீச்சர்" என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தன் வகுப்பு வரிசைக்குப் பின்னால் போய் நின்றார். கையில் இரண்டு காலணிகளையும் பிடித்திருந்தார். அதை நான் பார்த்தேன். என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

அவர் ஊரிலிருந்து பள்ளிப் பக்கம் வரும் காலைப் பஸ் ஒன்றே ஒன்று. ஓடை பெருகினால் பஸ் பாலத்துக்கு அப்புறமே திரும்பிவிடும். மீதி மூன்று கிலோமீட்டர் ரப்பர் தோட்டத்துக்குள் நடந்து வந்திருக்கிறார், மூன்று நாளும். இதை எனக்குச் சொன்னவர் சமையல் உதவியாளர் அக்கா. அன்று மாலையே தமிழாசிரியையின் வகுப்புக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த நாள் அதே கூட்டத்தில், அதே ஒலிபெருக்கியில், நான் சொன்னது தவறு என்றும் சொன்னேன். ஆனாலும் அவர் என்னிடம் மனம்விட்டுப் பேச ஒரு வருடம் ஆயிற்று. கலைவிழாவுக்கு ஆண்டுதோறும் வில்லுப்பாட்டு எழுதிப் பிள்ளைகளைப் பழக்குகிறவர், அந்த வருடம் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கும் உரிமை எனக்கில்லை என்றே தோன்றியது.

காரணம் இல்லாமலே தாமதமாக வருகிறவர்களும் உண்டு. அவர்களிடமும் தனியாகத்தான் பேச வேண்டும். இரண்டுமுறை வாய்ச்சொல், மூன்றாம் முறை எழுத்து.

உண்மையிலேயே பாடம் நடத்தாத ஆசிரியர் இருந்தால்?

நடத்தத் தெரியாதவர், வீட்டுக் கவலையில் நடத்த முடியாதவர், நடத்த மனமில்லாதவர் என்று மூன்று வகை உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோல இருக்கும். வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, தனியாகப் பேசினால்தான் பிரித்தறியலாம்.

தெரியாதவருக்குத் துணை கொடுங்கள். அதே பாடத்தை நன்றாக நடத்துகிறவரின் வகுப்பில் வாரம் ஒரு பீரியட் உட்காரச் சொல்லுங்கள், அந்த நேரத்துக்கு அவர் வகுப்பை நீங்கள் எடுங்கள். தேரூரில் இருக்கும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினால், திரும்பி வந்ததும் அங்கே கற்ற ஒன்றைத் தன் வகுப்பில் செய்து காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் பயிற்சி, பையில் கொண்டுவந்த கையேட்டோடு முடிந்துவிடும். முடியாதவருக்குக் கொஞ்ச காலம் சுமையைக் குறையுங்கள். தாய்க்குப் புற்றுநோய் என்று தினமும் மாலை திருவனந்தபுரம் போய்வந்த ஒருவருக்கு ஒரு பருவம் முழுவதும் கடைசிப் பீரியட் இல்லாமல் டைம்டேபிள் போட்டோம். மற்றவர்களிடம் அவர் சம்மதத்தோடு காரணத்தைச் சொன்னோம். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

மனமில்லாதவர் விஷயத்தில் இரக்கம் காட்டினால் அது பிள்ளைகளுக்கும், அவர் சுமையையும் சேர்த்துத் தூக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் செய்கிற அநியாயம். தேதி போட்டு எழுதுங்கள். என்ன எதிர்பார்க்கிறோம், எத்தனை நாளில், என்ன உதவி தந்தோம் என்பது தெளிவாக இருக்கட்டும். அதன்பிறகும் அசையவில்லையென்றால் அரசுப் பள்ளியில் மெமோ, பிறகு '17 ஏ' என்ற ஒழுங்கு நடவடிக்கை விதி என்று போகும் முறையான வழி இருக்கிறது. உதவிபெறும் பள்ளியில் நிர்வாகத்தின் வழியாகப் போக வேண்டும். எழுதி வைக்காத குற்றச்சாட்டு வெறும் புறம்பேச்சு. அதைத் தலைமையாசிரியர் செய்யக் கூடாது.

ஆசிரியர்மேல் புகார் சொல்லிக்கொண்டு பெற்றோர் வந்தால் யார் பக்கம் நிற்பது?

நம் மாவட்டத்தில் பெற்றோர் கேள்வி கேட்பார்கள். மயிலாடியில் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி பள்ளி தொடங்கியது 1809-இல். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலில் நின்றது நம் மாவட்டம். பேரப்பிள்ளையின் நோட்டைப் புரட்டி, "இந்தக் கணக்குல ஒரு வரி விட்டுப்போச்சே, டீச்சர் பாக்கல்லியா?" என்று வந்து நிற்கும் ஓய்வுபெற்ற டீச்சர் பாட்டிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். கேட்க ஆளே இல்லாத பள்ளியில் வேலை பார்ப்பதுதான் கடினம்.

வந்தவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து முழுக்கக் கேளுங்கள். உடனே ஆசிரியரை அழைத்து எதிரே நிறுத்தாதீர்கள். "நான் அவரிடம் பேசிவிட்டு நாளைக் காலை பத்து மணிக்குச் சொல்கிறேன்" என்று நேரம் குறித்துச் சொல்லி, அந்த நேரத்தில் சொல்லுங்கள். ஆசிரியர்மேல் தவறில்லை என்றால் பெற்றோர் முன்னால் அவருக்காகத் தெளிவாகப் பேசுங்கள். தவறு இருந்தால் அவரே வருத்தம் சொல்ல உதவுங்கள். அடித்தார் என்றால் அதில் பேச்சே இல்லை. உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுத்தவை.

ஒன்றில் மட்டும் "நம்ம ஸ்டாஃப்" என்ற எண்ணத்துக்கு இடமே இல்லை. பிள்ளையிடம் பாலியல் அத்துமீறல் என்று ஒரு சொல் காதில் விழுந்தாலும், நாமே விசாரித்துப் பேசி முடிக்கும் அதிகாரம் நமக்குக் கிடையாது. 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தன்கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்) என்ற இரண்டு எண்களும் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்கட்டும். பள்ளியின் பெயர், ஊரின் பெயர், சபையின் பெயர் என்று யார் வந்து சொன்னாலும் அசையாதீர்கள். நேர்மையான ஆசிரியர்களைக் காப்பதும் இதுதான்.

கடலோரப் பள்ளிக்கும் மலைப்பக்கப் பள்ளிக்கும் தலைமைப் பணி வேறுபடுமா?

நிறையவே. மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பள்ளி திறந்து நோட்டு, பை, செருப்பு என்று செலவு வரும் அதே நேரம் விசைப்படகு வீடுகளில் வருமானம் நின்றிருக்கும். வகுப்பாசிரியர் இது தெரியாமல் "நாளைக்கே எல்லா நோட்டும் வேணும்" என்றால் பிள்ளை மறுநாள் வராது. ஆனால் அதே இரண்டு மாதம்தான் அப்பாமார் வீட்டில் இருக்கும் காலம். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் தொழிலாளிகள் மற்ற மாதங்களில் வாரக்கணக்கில் கரைக்கே வர மாட்டார்கள். அதனால் பெற்றோர் கூட்டத்தை ஜூலையில் வைத்தோம். அம்மாக்களை மட்டுமே பார்த்துப் பழகிய ஆசிரியர்கள் முதல்முறையாக அப்பாக்களோடு பேசினார்கள்.

மலைப்பக்கத்தில் கதை வேறு. ரப்பர் பால்வெட்டுக்கு விடியுமுன் போகும் வீடுகளில் பிள்ளைதான் தம்பி தங்கையைக் கிளப்பி அனுப்பும். பேச்சிப்பாறை பக்கத்துக் காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைக்குப் பள்ளித் தமிழே புதிதாக இருக்கும். எல்லையோரத்தில் வீட்டில் மலையாளம், பள்ளியில் தமிழ். வெளியூரிலிருந்து மாறுதலில் வந்த ஆசிரியருக்கு இதெல்லாம் யாராவது சொன்னால்தானே தெரியும்? புதியவர் சேர்ந்த வாரத்தில் ஒரு சனிக்கிழமை அவரை அழைத்துக்கொண்டு பிள்ளைகளின் தெருவில் நடந்து வாருங்கள். அந்த ஒரு நடை பல பயிற்சிகளுக்குச் சமம்.

பேரிடரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி அடித்தபோது நான் கடலோரப் பள்ளியில் இருந்தேன். கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்ற செய்தி ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது. பள்ளி மறுபடி திறந்த அன்று ஆசிரியர்களிடம் இரண்டு விஷயம் மட்டும் சொன்னேன். இன்று பெயர் கூப்பிட்டு வருகைப்பதிவு எடுக்க வேண்டாம், எண்ணிக்கொள்ளுங்கள். பாடப் புத்தகத்தை எடுக்க வேண்டாம், பிள்ளைகள் பக்கத்தில் இருங்கள். எங்கள் ஆசிரியைகளில் ஒருவருக்குத் தாய்மாமன் வரவில்லை. அவர் வழக்கம்போலக் கையெழுத்துப் போட வந்து பேனாவைப் பிடித்தபடி நின்றார். "முதல்ல வீட்டுக்குப் போ மக்களே, லீவெல்லாம் நான் பாத்துக்கிடுகேன்" என்று அனுப்பினேன். ஆசிரியரும் அந்த ஊர்க்காரர்தான் என்பதை அரையாண்டுத் தேர்வு நெருங்கும் அவசரத்தில் மறந்துவிடுகிறோம்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் அழுத்தத்தை ஆசிரியர்மேல் இறக்காமல் இருக்க முடியுமா?

கொஞ்சமாவது முடியும். குமரி என்றால் முன்வரிசையில் வர வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். ஒரு சதவீதம் குறைந்தால் காரணம் கேட்டுக் கடிதம் வரும். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியவர் நீங்கள். பாடவாரியாக ஆசிரியர் பெயர் போட்டு ஸ்டாஃப் மீட்டிங்கில் சத்தமாகப் படிக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளையை 42 மதிப்பெண்ணுக்குக் கொண்டுவந்தவர், ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளைச் சென்டம் எடுக்க வைத்தவருக்கு எந்த விதத்திலும் குறைந்தவர் இல்லை. இதை வாய்விட்டுச் சொல்லுங்கள், அதிகாரிகள் இருக்கும்போதும் சொல்லுங்கள்.

டெட் தீர்ப்புக்குப் பிறகு மூத்த ஆசிரியர்கள் கலங்கிப்போய் இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்குமேல் பணிக்காலம் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட பள்ளிகள் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். இருபது வருடம் நன்றாகப் பாடம் நடத்தியவர், "நான் டீச்சர்தானா?" என்று கேட்கும் நிலை மிகவும் வேதனையானது. சட்டம் எப்படிப் போனாலும் படிக்க நேரம் தேவை. வாரம் ஒரு மாலை குழுவாகப் படிக்கப் பள்ளியிலேயே இடம் கொடுங்கள். அண்மையில் தேர்ச்சி பெற்று வந்த இளையவர்கள் சொல்லித்தரட்டும். வதந்தியைக் குழுவில் பகிர வேண்டாம், அரசாணை வந்தால் நீங்களே படித்துச் சொல்லுங்கள்.

உதவிபெறும் பள்ளியில் தாளாளருக்கும் ஆசிரியர்களுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறேனே?

இரண்டு பக்கத்திலும் ஒரே வார்த்தையைப் பேசுங்கள். ஆசிரியர்களின் கோரிக்கையை எழுத்தில் கொண்டுபோய், பதிலையும் எழுத்தில் வாங்கிவாருங்கள்.

ஸ்டாஃப் மீட்டிங் எவ்வளவு நேரம்?

நாற்பது நிமிடம். அறிவிப்புகளைத் தாளில் கொடுத்துவிட்டால், கூடும் நேரம் பிள்ளைகளைப் பற்றிப் பேசக் கிடைக்கும். பேருந்து நேரத்தைத் தாண்டிக் கூட்டம் போகக் கூடாது.

ஆசிரியர்களைத் தாங்குகிறோம். எங்களை யார் தாங்குவது?

இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இரவு ஒன்பது மணிக்குமேல் கூப்பிடுவார்கள். பக்கத்துப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் நாலைந்து பேர் மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடினோம். கட்டன்சாயா, ஏத்தங்காய் வறுவல், இரண்டு மணி நேரம். சங்கக் கூட்டம் மாதிரி இல்லாமல், "எனக்கு இது தெரியல்ல, நீங்க என்ன செய்தீங்க?" என்று கேட்க ஓர் இடம். தமிழாசிரியையிடம் நான் மன்னிப்புக் கேட்ட விஷயத்தை முதலில் சொன்னதும் அங்கேதான். இன்னொன்று, தினமும் ஒரு பீரியட் பாடம் எடுங்கள். சிறிய தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியரும் வகுப்பு எடுத்தே தீர வேண்டும், பெரிய பள்ளியில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். பிள்ளைகளோடு இருக்கும் அந்த ஒரு பீரியட் எனக்கு மருந்துபோல இருந்தது.

மாறுதலில் போகிறேன். அடுத்தவருக்கு என்ன விட்டுவிட்டுப் போவது?

சாவி, பணப்பதிவேடு, இருப்புப் பதிவேடு எல்லாம் முறைப்படி ஒப்படைப்பீர்கள். அதோடு ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டும் கொடுங்கள். ஆசிரியர்களின் குறைகளை அதில் எழுத வேண்டாம். ஒவ்வொருவருக்கும் எது கைவந்த கலை, யார் எந்த ஊரிலிருந்து எப்படி வருகிறார்கள், யாருக்கு எப்போது உதவி தேவைப்படும் என்பவை போதும்.

மலையடிவாரப் பள்ளியில் எனக்கு முன் இருந்தவர் அப்படி ஒரு நோட்டை எனக்காக மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பதிவேடுகளைச் சரிபார்க்கும் வேலையில் நான் அதைத் திறக்கவே இல்லை. திறந்தது ஆறாவது வாரத்தில். இரண்டாம் பக்கத்தில் தமிழாசிரியையின் பெயருக்கு நேரே நீல மையில் எழுதியிருந்தது: "மழைநாளில் பாலத்திலிருந்து நடந்து வருவார். வில்லுப்பாட்டு நன்றாக எழுதுவார். முதல் பீரியட் அவருக்குப் போட வேண்டாம்."